முப்பத்தொரு வாசல்

மழை வெளிச்சம். கோவிலின் கண்ணாடிச் சன்னல்களில் சாம்பல் நிறமாய் ஒழுகி, பீடத்தின் வெள்ளைத் துணிமேல் வந்து படுத்திருந்தது.

அந்தத் துணியைத் துவைத்தவள் எப்சிபா. பதினாறு வருஷமாய் அவள்தான். ஐப்பசியில் எதுவும் காயாது. வீட்டுக்குள் கொடி கட்டி, மின்விசிறிக்குக் கீழே காய வைத்து இஸ்திரி போடுவாள். ஒரு கறை இருக்காது. ஒரு சுருக்கம் இருக்காது.

மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து. முந்தின நாள் சாயந்தரத்திலிருந்து தண்ணீர் தவிர ஒன்றும் தொடமாட்டாள். வெள்ளைச் சேலை. முக்காடு. தேவ சமுகத்துக்குப் போகிறவள் எப்படிப் போகவேண்டுமோ, அப்படி.

இந்த ஞாயிறும் அப்படித்தான் போனாள். முழங்காலிட்டாள். அப்பத்தோடு போதகர் நெருங்கிக்கொண்டிருந்தார். இன்னும் மூன்று பேர். இரண்டு பேர்.

கை எழவில்லை.

நேற்றுக் கண்டது கண்ணைவிட்டுப் போகவில்லை. கோவில் வாசலில் ஒரு பிள்ளை வழுக்கி விழுந்தது. பால்வாடி டீச்சர் லீதியாள் ஓடிப்போய்த் தூக்கினாள். பிள்ளையின் அம்மா அதைவிட வேகமாக வந்தாள். "நீங்க தூக்காதீங்க டீச்சர். ஒங்களுக்கு எப்ப என்ன வருமோ" என்று பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

லீதியாள் வெறுங்கையோடு நின்றாள். அழவில்லை. சண்டை போடவில்லை. பழகிப்போனவள் மாதிரி நின்றாள்.

லீதியாளுக்கு வலிப்பு கிடையாது. ஊரில் வேறு யாரையும்விட எப்சிபாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், எப்சிபாவின் தங்கையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போன மாப்பிள்ளை, லீதியாளைப் பார்த்துச் சரி என்றான். பேசி முடித்தார்கள். எப்சிபா மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினாள். ஆறே வரி. பெண்ணுக்கு வலிப்பு உண்டு, மறைக்கிறார்கள். கையெழுத்து அடையாளம் தெரியாமலிருக்க இடது கையால் எழுதி, பக்கத்து ஊர்த் தபால்பெட்டியில் போட்டாள்.

கல்யாணம் நின்றது. பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை. பொய் மட்டும் ஊரோடு தங்கிவிட்டது. இருபத்திரண்டு மழைக்காலம். இன்னும் சாகவில்லை.

எப்சிபா எழுந்தாள். மயக்கம் என்று நினைத்து யாரோ கையைப் பிடித்தார்கள். விடுவித்துக்கொண்டாள். எல்லாரும் பீடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, அவள் மட்டும் எதிர்த்திசையில் நடந்தாள். கடைசி வரிசைக்கு. லீதியாளிடம்.

"கொஞ்சம் வெளிய வா. ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

மணிக்கூண்டின் கீழே நின்று சொன்னாள். முழுவதும் சொன்னாள். தங்கையைச் சாக்குச் சொல்லவில்லை. வயசைச் சாக்குச் சொல்லவில்லை.

லீதியாள் மழையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினாள்.

"என்கிட்ட சொல்லிட்ட. ஒனக்குப் பாரம் எறங்கிரும். அந்தப் பிள்ளைகளோட அம்மாமாருகிட்ட யாரு சொல்லுவாக்கா?"

பால்வாடிக்கு முப்பத்தொரு வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள்.

வீட்டில் சொன்னபோது கணவர் ஜெபமணி சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். மகளுக்குப் பேசி முடித்திருந்தது. தை மாதம் கல்யாணம்.

"இப்பப் போயி இத வீடு வீடாச் சொல்லணுமா? பொண்ணுக்குப் பேசி முடிச்சிருக்கு, நெனப்பிருக்கா?"

"அன்னைக்கு அவளுக்கும் பேசி முடிச்சிருந்துச்சி."

அவர் எழுந்து கை கழுவப் போனார். எப்சிபா முதலில் மகளின் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினாள். வலது கையால். நடந்ததெல்லாம் எழுதி, கீழே தன் பெயரை முழுசாக எழுதினாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

ஒரு வாசல். இரண்டு வாசல். செம்மண் கரைந்து சிவப்பாய் ஓடிய தெருக்கள். வெள்ளைச் சேலையின் கரையெல்லாம் சேறு. ஒவ்வொரு வாசலிலும் அதே வார்த்தை. "லீதியாளுக்கு வலிப்பு கெடையாது. அது நான் எழுதுன பொய்."

ஒருத்தி கதவைச் சாத்தினாள். ஒருத்தி உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டில் போய்ச் சிரித்தாள். கோவிலின் பெண்கள் ஐக்கியச் சங்கத்தின் செயலாளர் பீடத்துணி வைக்கும் அலமாரியின் சாவியைத் திருப்பிக் கேட்டாள். எப்சிபா கொடுத்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். பிறகு சொல்லவேயில்லை. மகள் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பத்தாவது வாசலில் திரும்பிவிடலாம் என்றிருந்தது. திரும்பவில்லை. இருபதாவது வாசலில் குரல் கட்டிக்கொண்டது. கட்டிய குரலிலேயே சொன்னாள். முப்பத்தோராவது வாசல், பிள்ளையைப் பிடுங்கியவளின் வாசல். அவள் கேட்டு முடித்துவிட்டு, "டீச்சர் மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்" என்று தரையைப் பார்த்தாள்.

அடுத்த மாதத்து முதல் ஞாயிற்றுக்கு முந்தின நாள், எப்சிபா போதகரிடம் போய்க் கேட்டாள். "நான் திருவிருந்துப் பந்திக்கு வரலாமாய்யா?"

"தகுதி உள்ளவங்க மட்டும் வரணும்னா, அப்பத்தப் பிட்டுக் குடுக்க நானே அங்க நிக்க முடியாதும்மா" என்றார் அவர்.

என்றாலும் ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தாள். இந்த முறை உபவாசம் இல்லை. மூன்று வாரம் நடந்த நடையில் காலையில் தலை சுற்றியது, கஞ்சி குடித்துவிட்டு வந்திருந்தாள். வெள்ளைச் சேலையில் செம்மண் கறை போகவேயில்லை. அதையே கட்டியிருந்தாள். மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. அது ஒரு விதமான குளிர். ஒரு விதமான லேசு.

வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். இவள் வரிசை வந்தது. இவள் எழவில்லை.

பக்கத்தில் நிழல் விழுந்தது. லீதியாள்.

"எந்தி."

"என்னைய மன்னிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல. ஆனா ஒன்ன இங்க உக்கார வச்சிட்டு, நான் மட்டும் போயி முழங்கால் போட முடியலக்கா. ரெண்டு பேருமாப் போயி ஆண்டவர்கிட்ட கேப்போம். வா."

எப்சிபா எழுந்தாள். முழங்கால் வலித்தது. முன்னால் லீதியாள், பின்னால் அவள். நடுப்பாதை நீளமாய்க் கிடந்தது. தலைகள் திரும்பின. அவள் நிற்கவில்லை.