கம்பளியும் வலது கையும்

செம்புத் தொப்பியும் ரப்பர் அங்கியும் மாட்டிக்கொண்டு துறைமுகத்துக் கடலடியில் வேலை செய்பவன் ராயபுரம் குமாரவேல். அந்த மார்கழியில் அவனுக்கு நீலகிரியிலிருந்து ஆள் வந்தது. மலைமேல் ஓர் அணையில் மதகு அடைத்துக்கொண்டிருந்தது. அடைப்பை எடுக்க ஏற்கெனவே இறங்கிய ஒருவன் விரல் விறைத்து, மேலே இருப்பவருக்குச் சைகை காட்டும் கயிற்றை இழுக்க முடியாமல் அடியிலேயே செத்துப்போனான். அவன் அங்கிக்குள் போட்டிருந்தது பருத்திப் பனியன்கள்.

இதைக் கேட்டதிலிருந்து குமாரவேலின் மனைவி பவுனம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. ரப்பர் அங்கி தண்ணீரை விடாது, குளிரை விடும். உள்ளே எதைப் போட்டு அனுப்புவது? அணைக் கண்டிராக்டர் புதிதாகத் தடித்த பருத்தி உடுப்பு கொடுத்திருந்தார். பெரம்பூரில் தான் வேலை செய்யும் வீட்டு ரோசியம்மாவிடம் கேட்டு, பவுனம்மாள் பழைய கம்பளிச் சட்டையும் கால்சட்டையும் கொண்டுவந்தாள்.

"அரிக்குது. பருத்தியே போதும்" என்றான் குமாரவேல்.

மேலே நின்று அவனுக்குக் கயிறு பிடிக்கும் சௌக்கத் அலி ஒப்பவில்லை. அவனும் முன்பு கடலில் இறங்கியவன்தான். "வேர்வையில நனைஞ்சா பருத்தி ஒடம்புச் சூட்டையே உறிஞ்சிடும் மாமு. கம்பளி நனைஞ்சாலும் கதகதப்பு கீது. ரெண்டையும் சேத்துப் போட்டா அங்கி இறுகிடும், கைய மடக்க முடியாது. ஒண்ணுதான். பாத்துடலாமா?"

மீன்காரர்களிடம் ஐஸ் வாங்கிவந்து தொட்டித் தண்ணீரில் கொட்டினார்கள். இரண்டு துணியையும் நனைத்து, குமாரவேலின் இடக்கையில் பருத்தியையும் வலக்கையில் கம்பளியையும் விரல்நுனி வரை சுற்றி, தொட்டிக்குள் விடச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் இடக்கை வெடவெடத்தது. வலக்கைக்கு ஒன்றுமில்லை என்றான். பவுனம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சௌக்கத் அலிக்கு என்ன தோன்றியதோ, துணிகளைக் கைமாற்றிச் சுற்றினான். இப்போது பருத்தி வலக்கையில். குமாரவேல் அதற்கும், "ஒண்ணுமில்ல" என்றான்.

சௌக்கத் அலி அவன் முகத்தையே பார்த்தான்.

அன்று மாலை கம்பளிச் சட்டையைக் கணவனுக்குப் போட்டுவிட்டு, தொளதொளத்த வலக்கை மணிக்கட்டுத் துணியைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள் பவுனம்மாள். ஊசி அவன் விரலில் ஏறியது. ரத்தம் துளிர்த்தது. அவன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி ஏதோ பேசிக்கொண்டே இருந்தான். அவள் ஊசியை உருவி, இன்னொரு விரலில் வேண்டுமென்றே குத்தினாள். அவன் திரும்பவேயில்லை.

"யோவ், எத்தினி நாளாய்யா இப்பிடி கீது?"

குமாரவேல் கையைப் பார்த்தான். போன வருஷம் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தபோது மூட்டெல்லாம் வலித்தது, வலி போனது, வலக்கையில் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை என்று மெல்லச் சொன்னான். "வெளிய சொன்னா என்னிய யாரு எறக்குவாங்க? மேல குந்திகினு காத்துப் பம்பு சுத்தச் சொல்லுவானுங்க."

"கயிறு இழுக்க முடியாம செத்தானே, அவனுக்கு வெறும் குளிருதான். உனுக்குக் கையே இல்லியேய்யா."

மூன்றாம் நாள் சௌக்கத் அலி வந்து, "தொட்டியிலயே பாத்துட்டேன். உன்னிய எறக்கி நான் கயிறு பிடிக்க மாட்டேன்" என்றான். "நான் எறங்குறேன். நீ பிடி."

அணைக்கு இருவரும் போனார்கள். கம்பளியைப் போட்டுக்கொண்டு சௌக்கத் அலி இறங்கினான். குமாரவேல் இடக்கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டான். காற்றுக்குமிழி வந்துகொண்டிருந்தது, கயிறு மட்டும் வெகுநேரம் அசையவில்லை. மேலே தூக்கிவிடலாமா என்று குமாரவேல் நினைத்தபோது கயிறு சுண்டியது. மதகு திறந்து, அணைக்கு அப்பால் தண்ணீர் இரைந்து பாய்ந்தது.

மேலே வந்த சௌக்கத் அலியின் உதடு நீலம் பாரித்திருந்தது. விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினான்.

கண்டிராக்டர் வந்து குமாரவேலின் தோளைத் தட்டினார். "நாளைக்கு அடுத்த மதகு. இவர் களைச்சுட்டார். நீங்க இறங்குறீங்களா?"

சௌக்கத் அலி வேறு பக்கம் பார்த்தான்.

"என் வலது கை செத்துப் போச்சு சார்" என்றான் குமாரவேல். "இனிமே என்னிய எதுலயும் எறக்காதீங்க."