உடையப்பன் வீடு கிளம்பிப் போன வெள்ளிக்கிழமை

தைப்பூசம் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை காலை, கோப்பெங்கில் இருந்த உடையப்பனின் பலகை வீடு சிமெண்டுத் தரையோடு கிளம்பி ஹுத்தான் மெலிந்தாங்குக்குப் போய்ச் சேர்ந்தது. யாருக்கும் காயமில்லை. சாலையும் காய்ந்திருந்தது. வீட்டுக்கா உடையப்பன் இன்ஜின் செய்தார் என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். இல்லை, காருக்குத்தான் செய்தார்.

லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர் உடையப்பன். மகள் லோஷினியைப் பெண் கேட்டு தனேஷ் வந்தபோது, தாயைப் பின்னால் உட்காரவைத்து மோட்டார் சைக்கிளில் வந்தான். "பொண்ணு கேக்க மோட்டார்லயா வாறது? போயி நாலு சக்கரத்துல ஒரு காடி வாங்கிட்டு வா" என்று உறவினர் கூடியிருந்த கூடத்திலேயே சொல்லிவிட்டார். லோஷினி அடுத்த மாதமே அந்த மோட்டாரில் ஏறிப்போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுவது தனேஷுக்கு வேலை. பேரன் பிறந்த பிறகு உடையப்பனுக்கு மனம் இளகியது, ஆனால் அப்படிப் பேசியவர் எந்த முகத்தோடு பஸ்ஸில் போய் இறங்குவார்? தனியாகப் போகலாம் என்றால் மனைவி கலாதேவிக்கும் வழியில்லை. "வந்தா ரெண்டு பேரா வாங்கம்மா. அப்பா வராம நீங்க மட்டும் வராதீங்க" என்று லோஷினி போனில் கறாராகச் சொல்லியிருந்தாள். பேரனைப் போனில் மட்டுமே பார்த்தவர் கலாதேவி. அவன் தவழ்ந்ததையும் நடந்ததையும் கண்ணாடிக்குள் பார்த்து அழுதார்.

இரும்புக் கடையில் கிடந்த பழைய டட்சன் கார் ஒன்றை உடையப்பன் வாங்கினார். உடலைச் சாயம் அடிக்க ஈப்போவுக்கு அனுப்பிவிட்டு, இன்ஜினை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கூடத்தின் நடுவே இரும்புச் சட்டம் செய்து, அதைத் தரையில் போல்ட்டு போட்டு இறுக்கி, இன்ஜினை அதன்மேல் ஏற்றினார். ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில் கழுவினார், பிஸ்டன் வளையங்களை மாற்றினார், வால்வுகளைப் பசை போட்டுத் தேய்த்து உட்காரவைத்தார். குறை சொல்ல முடியாத வேலை. ஆனால் எல்லாம் பூட்டி முடிகிற நேரம் பார்த்து, எங்கேயோ எண்ணெய் கசிகிறது என்று மறுபடியும் பிரித்துப் போடுவார். கசிந்ததை வேறு யாரும் பார்த்ததில்லை. மனிதர் மருமகனுக்குப் பயந்துகொண்டிருந்தார் என்பதுதான் உண்மை. லோஷினிக்கு இரண்டாவது பிள்ளையும் வயிற்றில் வளர்ந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலையும் அவர் ஸ்பேனரைக் கையில் எடுத்தபோது கலாதேவி மறித்தார். "ஏங்க, போதும். மொதல்ல பூசையப் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, அப்பறம் பிரிக்கலாம்." புது வண்டிக்குப் பூசை என்றால் நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாக வேண்டும். இன்ஜினுக்குச் சக்கரம் ஏது? பழத்தை வாங்கி வைத்துவிட்டு வீணாக்க மனமில்லாமல், கலாதேவி வீட்டின் நான்கு மூலைகளிலும் வெளியே சுவரோரமாக ஒவ்வொன்றாக வைத்தார். சூடம் காட்டி, வாசல் நிலைக்கு விபூதி பூசி, குங்குமம் வைத்தார். தெரியாமல் செய்த தவறு என்கிறார்கள் பாதிப் பேர். மீதிப் பேர் கலாதேவியை நன்றாக அறிந்தவர்கள்.

ஆணியில் தொங்கிய பாட்டிலிலிருந்து பெட்ரோல் இறங்க, இன்ஜின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. வீடு எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தது. தண்ணீர்க் குழாய் பிடுங்கிக்கொண்டது, மின்கம்பி அறுந்தது. உடையப்பன் நிறுத்தப் போனார். கலாதேவி இன்ஜினுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "கைய வச்சீங்க, பாத்துக்குங்க!" அதன்பிறகு வாசலில் நின்று இடது, வலது என்று அவரே வழி சொல்ல, வீடு கேட்டு நடந்தது. கம்பாரில் ஒரு போலீஸ்காரர் மறித்துச் சாலை வரியைக் கேட்டார். இது வீடு, வீட்டு வரி கட்டியாகிவிட்டது என்று கலாதேவி சொன்னார். போலீஸ்காரர் சற்று யோசித்து, அப்படியானால் ஓரமாகப் போகும்படி சொல்லி அனுப்பினார். பீடோரில் பெட்ரோல் போட்டுக்கொண்டார்கள். தெலுக் இந்தானில் சிவப்பு விளக்குக்கு வீடு நின்றுவிட்டுப் போனது.

தனேஷின் வாடகை வீட்டை ஒட்டிக் காலியாகக் கிடந்த நிலத்தில் போய் நின்றதும், கலாதேவி செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினார். உடையப்பன் இறங்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, எதையோ துடைப்பதுபோல் குனிந்துகொண்டார். தனேஷ் வாசலில் வந்து நின்றான், இடுப்பில் பிள்ளையோடு.

"வாங்க மாமா."

"வேல கொஞ்சம் இருக்கு. கையெல்லாம் எண்ணெ."

"அழுக்கானா தொவைச்சிக்கலாம் லா" என்று தனேஷ் உள்ளே வந்து பிள்ளையை அவர் மடியில் உட்காரவைத்தான். பேரன் அவருடைய மீசையைப் பிடித்து இழுத்தான். உடையப்பன் உடைந்து அழுதார்.

அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, வீடு நிற்கிற இடத்துக்கு வாடகை பேசிவிட்டுப் போனார். கம்பி இழுத்தார்கள், குழாய் போட்டார்கள். பக்கத்து வீட்டுச் சீனத்தி, வாசல் கிழக்கே பார்த்திருந்தால் இன்னும் நல்லது என்று மட்டும் சொன்னாள். இரண்டாவது பிள்ளை பேத்தியாகப் பிறந்தாள். காலையில் அடுப்பைப் பற்றவைத்ததும் கலாதேவி சன்னலைத் திறந்து, போனைத் தேடாமல், "லோஷினி, தேங்கா இருக்கா?" என்று கேட்கிறார்.