எந்த டிஸ்க்கைக் கழற்றினான்?

கொழுந்தன் சிரித்த விதமே அவளுக்குப் பிடிக்கவில்லை. வேலையை முடித்தவனின் சிரிப்பல்ல அது. முடிந்துவிட்டதாக அடுத்தவர் நம்பினால் போதும் என்றிருப்பவனின் சிரிப்பு.

"பக்காவா இருக்கு அண்ணி. லினக்ஸே ரெண்டு ஹார்ட் டிஸ்க்குலயும் ஒரே நேரத்துல எழுதிடும், மிரர்னு பேரு. ஒண்ணு மண்டையைப் போட்டா இன்னொண்ணு தாங்கும்."

அவள் நடத்தும் ரத்தப் பரிசோதனை லேபின் புதிய கணினி, மேசைமேல் வயிறு திறந்து கிடந்தது. சென்ற ஆண்டு பழைய கணினியின் டிஸ்க் செத்தபோது, அறுபத்திரண்டு பேரைத் தொலைபேசியில் அழைத்து மறுபடியும் ரத்தம் கொடுக்கச் சொன்னவள் அவள். ஏற்கெனவே ஊசி குத்திக் குத்தி நரம்பு ஒளிந்துகொண்ட சிறுநீரக நோயாளி ஒருவர், கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது இன்னும் கண்ணுக்குள் நின்றது. நாளைக் காலை முதல் எல்லா முடிவுகளும் இந்த இரட்டை டிஸ்க்கை நம்பித்தான்.

"ஒண்ணைக் கழட்டிட்டு ஆன் பண்ணிக் காட்டு."

"எங்கண்ணன் கட்டினது லேப்காரியவா, போலீஸ்காரியவா?" என்று முனகியபடி, அவன் ஒரு டிஸ்க்கை அதன் வடத்திலிருந்து பிடுங்கி வெளியே வைத்தான். கணினி சமர்த்தாக எழுந்து பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. "பாத்தீங்களா?"

அவள் திரையைப் பார்க்கவில்லை. ரத்த மாதிரிக் குழாய் எதைக் கையில் எடுத்தாலும் முதலில் அதன்மேல் ஒட்டிய சீட்டைப் படிப்பது பதினான்கு ஆண்டுப் பழக்கம். வெளியே கிடந்த டிஸ்க்கைத் திருப்பினாள். கடைக்காரரின் உத்தரவாதச் சீட்டு, நேற்றைய தேதி.

"இது நேத்து வாங்கினது. கம்ப்யூட்டரோட வந்தது உள்ள இருக்கு. அதைக் கழட்டு தம்பி."

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணி?"

"ஒண்ணுதான்னா கழட்டறதுல உனக்கு என்ன நோவு?"

அவன் காதுமடல் சிவந்தது. மாற்றிச் சொருகினான். திரை கறுத்தது, கணினியை எழுப்ப எந்த டிஸ்க்கும் கிடைக்கவில்லை என்று ஒற்றை வரி மட்டும் வந்து நின்றது.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"காலைலயே தெரியும். ஃபைலெல்லாம் ரெண்டுலயும் இருக்கு. ஆனா மெஷினை எழுப்பற பூட் லோடர் மிரருக்கு வெளிய இருக்கு, அது தானா காப்பி ஆகாது. முதல் டிஸ்க்குல மட்டும் போட்டிருந்தேன். மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுவான்னு அண்ணன் பீத்திக்கிட்டாரா... அதுவும் புதுசுதானே, இப்போ எங்க சாகப்போகுதுன்னு..."

"அது செத்த அன்னிக்கு நீ எங்க இருந்திருப்ப?"

அவன் இரண்டையும் பொருத்தினான், தனித்துப்போன டிஸ்க்கை மீண்டும் மிரரில் சேர்த்து, நூறு விழுக்காடும் எழுதி முடியும்வரை காத்திருந்தான். பிறகு இரண்டாவதிலும் பூட் லோடரைப் பதித்துக் கணினியை அணைத்தான். முதல் டிஸ்க்கின் வடத்தை இம்முறை அவளே பிடுங்கினாள், சீட்டைப் படித்த பிறகு.

கணினி எழுந்தது.

"இப்பவாவது நம்புறீங்களா?"

"டிஸ்க்கை நம்புறேன்."

கழற்றிய டிஸ்க்கை மறுபடி சேர்த்து, கட்டளையைத் தட்டிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தான். அவள் நாற்காலியை இழுத்து அவன் வழியை மறித்துப் போட்டு, திரையில் விழுக்காடு ஒன்றிலிருந்து ஏறுவதைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.