இன்னும் ஒளிபரப்பாகாத மூன்று வருடங்கள்

1

இந்தக் கதையை எழுதுவதற்கு முன்பே விற்றுவிட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வார இதழின் அலுவலகம் மாடியில் இருக்கிறது. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. ஒரு மதியம் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையில் ஓர் அம்மாள் கைபேசியில், "டி.வி.காரன் இன்னும் தராத காசுக்கு என் கடையக் கேக்குறீங்க, நல்லா இருக்கா?" என்றார். குரலில் கோபமே இல்லை. இன்னோர் அப்பளம் கேட்பவரைப் போலத்தான் கேட்டார். பிறகு மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் கை கழுவியதும் நேராக மாடி ஏறி, ஆசிரியர் பரமேஸ்வரனிடம், "காற்பந்துக் கதை ஒண்ணு இருக்கு" என்றேன்.

"முடிவு எப்படி?"

"சந்தோஷம்தான்."

"அப்ப சரி லா," என்று முன்பணத்தை எடுத்துக் கொடுத்தார். அன்று மாலையே அது என் காருக்கு இரண்டு டயராக மாறிவிட்டது. ஆகவே வாசகரே, இந்தக் கதை சந்தோஷமாக முடிந்தாக வேண்டும். ஓடிய டயரைக் கழற்றித் திருப்பிக் கொடுக்க முடியாது.

(அந்த அம்மாள் சொன்ன ஒரு வாக்கியத்தைத் தவிர, இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.)

2

அந்தி மயங்கும் வேளை. மேரு தொழிற்பேட்டையின் தகரக் கூரைகளுக்குப் பின்னால் சூரியன் ஒரு பந்தைப் போல—

வேண்டாம். சூரியனை ஏற்கெனவே போதுமான பேர் உதைத்துவிட்டார்கள்.

குகன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தபோது ஐயாயிரம் ரசிகர்கள்—

இதுவும் வேண்டாம். மேரு சிறுத்தைகள் காற்பந்துக் கழகத்தின் ஆட்டத்துக்கு ஐயாயிரம் பேர் வந்தால் இந்தக் கதையே கிடையாது. நல்ல நாளில் அறுநூறு பேர் வருவார்கள். அதில் பாதி ஆட்டக்காரர்களின் சொந்தக்காரர்கள், டிக்கெட் வாங்காதவர்கள். வாசலில் வசூலாகும் காசு புல் வெட்டவே போதாது. கழகம் மூச்சு விடுவது தொலைக்காட்சியால்தான். லீக் ஆட்டங்களை ஒளிபரப்பும் நிறுவனம் பணம் கொடுக்கும். லீக் அதைக் கழகங்களுக்குப் பிரித்து அனுப்பும். மேருவின் பங்கு வருடத்துக்கு நான்கு லட்சம் வெள்ளி, அதாவது ரிங்கிட்.

சந்திரகலாவின் டோபிக் கடையில் இருபத்திரண்டு ஜெர்சிகள் காய்ந்துகொண்டிருந்தன.

இது பரவாயில்லை. இங்கிருந்து போகலாம்.

3

சந்திரகலாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. கிள்ளானை ஒட்டிய மேருவில் இரண்டு மாடிக் கடைவீடு. கீழே டோபி, மேலே குடியிருப்பு. ஒன்பது வருடமாகக் கழகத்தின் ஜெர்சிகளைத் துவைக்கிறார். மூன்றாவது வருடத்தில் சலவைப் பாக்கி ஏறிக்கொண்டே போனதால், வாரம் தவறாமல் கழக அலுவலகத்துக்குப் போய்ப் பொருளாளரைப் பிடித்துக் கேட்க ஆரம்பித்தார். கழகத் தலைவர் தம்புசாமி நன்றாக யோசித்து, அவரையே பொருளாளர் ஆக்கிவிட்டார். அதற்குப் பிறகு பாக்கியை யாரிடம் போய்க் கேட்பது என்று அவருக்கு விளங்கவில்லை.

(முதல் வரைவில் இவர் கணவரை இழந்தவர். கையெழுத்துப் போடும் நேரத்தில் சுவரில் இருக்கும் படத்தைப் பார்த்துக் கண்கலங்க வசதியாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு பக்கம் எழுதியும் அந்த அம்மாள் அழ மறுத்தார். கணவரை உயிரோடு எழுப்பி, ஜொகூருக்கு லோரி ஓட்ட அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நிம்மதி.)

தம்புசாமி லோரி கம்பெனி முதலாளி. கழகத்தில் எல்லோரும் அவரை டத்தோ என்றுதான் கூப்பிடுவார்கள். சுல்தான் தரும் அந்தப் பட்டம் இன்னும் வரவில்லை. அடுத்த வருடம் வந்துவிடும் என்று ஆறு வருடமாகச் சொல்கிறார். மரியாதையை மட்டும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டார்.

திட்டத்தைக் கொண்டுவந்ததும் அவர்தான். அடுத்த மூன்று வருடத்துத் தொலைக்காட்சிப் பங்கு பன்னிரண்டு லட்சம். கோலாலம்பூரில் ஒரு நிதி நிறுவனம் அதை எழுதி வாங்கிக்கொண்டு இன்றைக்கே எட்டரை லட்சம் தரும். ஆட்டக்காரர்களின் நான்கு மாதச் சம்பளப் பாக்கியை அடைக்கலாம். அடைத்தால்தான் லீக் உரிமம் தரும். உரிமம் இல்லாவிட்டால் இந்தப் பருவம் அணியே கிடையாது. மிச்சத்தில் பிரேசிலிலிருந்து ஒரு ஃபார்வர்ட். அவர் ஏற்கெனவே வந்து, கிள்ளானில் ஒரு ஹோட்டலில் தங்கி, காலையில் நான்கு ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒரே ஒரு சின்ன விஷயம். தொலைக்காட்சிப் பணம் வராமல் போனால் பிடித்துக்கொள்ள, நிறுவனம் ஒரு சொத்தைக் கேட்டது. தம்புசாமியின் லோரிகள் எல்லாம் வங்கியின் பெயரில் ஓடுகின்றன. செயற்குழுவில் கடன் ஏறாத சொத்து ஒன்றே ஒன்றுதான்: டோபி.

4

வெள்ளிக்கிழமை மூன்று மணி. லீக் கொடுத்த கெடு ஐந்து மணி. கழக அலுவலகத்தில் தம்புசாமி, செயற்குழுவின் மற்ற மூன்று ஆண்கள், சந்திரகலா, கதவோரமாக நிற்கும் அணித் தலைவர் குகன். எதிரில் நிதி நிறுவனத்திலிருந்து வந்த பிரேமினி. முப்பது வயது, நல்ல கைப்பை, இன்னும் நல்ல புன்னகை.

"ஆன்டி, இத லோன்னு நெனைக்காதீங்க," என்றாள் பிரேமினி. "உங்க காசுதான். கொஞ்சம் சீக்கிரமா வருது."

"என் காசு வர்றதுக்கு எதுக்கும்மா என் வீட்டு கிராண்ட் பத்திரம்?"

"ஃபார்மாலிட்டி ஆன்டி."

"ஃபார்மாலிட்டின்னா போட்டோஸ்டேட் குடுக்குறேன். ஒரிஜினல் பத்திரம் எதுக்கு?"

தம்புசாமி குறுக்கே வந்தார். "கலா, நீ டோபியப் பாக்குற. நான் ஃபியூச்சரப் பாக்குறேன்."

"பாருங்க டத்தோ. அதுல நாங்க எங்க குடியிருக்கோம்னு தெரியுதா?"

யாரோ சிரித்துவிட்டு இருமினார். குகன் மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, நான் சொல்லக்கூடாது," என்றான். "பாதி பசங்க ட்ரெய்னிங் முடிஞ்சி மோட்டார்ல சாப்பாடு டெலிவரிக்குப் போறாங்க. நான் ரெண்டு மாசமா கார் காசு கட்டல. இன்னிக்கு லைசன்ஸ் இல்லன்னா நாளைக்கு டீம் இல்ல. அவ்வளவுதான்."

எந்த ஜெர்சி யாருடையது என்று சந்திரகலாவுக்கு எண்ணைப் பார்க்காமலே தெரியும். குகனுடையதில் எப்போதும் இடது முழங்கைப் பக்கம்தான் கிழியும். விழும்போது அந்தக் கையைத்தான் ஊன்றுவான்.

அவர் கோப்பை இழுத்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். மெதுவாகத்தான் படித்தார். பதினான்காம் பக்கத்தில் விரல் நின்றது.

"மொத வருஷத்துக்கு டி.வி.காரன் ஒப்பந்தம் போட்டிருக்கான். மத்த ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து எங்க?"

"ரினியூ பண்ணுவாங்க ஆன்டி."

"பண்ணலன்னா?"

பிரேமினியின் புன்னகை ஒரு கணம் ஓய்வெடுத்தது. "பண்ணலன்னா உங்ககிட்டதான் வருவோம்."

அந்தப் பதில் சந்திரகலாவுக்குப் பிடித்திருந்தது. அன்று அந்த அறையில் சொல்லப்பட்ட முதல் நேரான பதில் அது.

5

மணி நாலு பத்து. கதையை இங்கே நிறுத்திவைத்துவிட்டு முடிவுகளைப் பார்ப்போம்.

முதல் முடிவு, நான் முன்பணம் வாங்கிய முடிவு: கையெழுத்துப் போடுகிறார். பிரேசில்காரர் பத்தொன்பது கோல் அடிக்கிறார். கிள்ளானே திரண்டு வருகிறது. எழுதிப் பார்த்தேன், ஒன்பது வரி வந்தது. அந்த ஒன்பது வரியிலும் சந்திரகலா கைதட்டுவதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. ஒன்பது வருடம் துவைத்தவருக்கு அந்த வேலை போதாது.

இரண்டாம் முடிவு: மறுக்கிறார். கடை மிஞ்சுகிறது. குகன் மேருவில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் சேர்கிறான். திங்கள்தோறும் அவன் சீருடை அதே டோபிக்கு வருகிறது, எந்த முழங்கையும் கிழியாமல். இதை எழுதினால் பரமேஸ்வரன் டயரைக் கேட்பார்.

மூன்றாம் முடிவு: கடைசி நிமிடத்தில் தொலைக்காட்சி நிறுவனத்தின் தலைவர் புதிய ஒப்பந்தத்தோடு மூச்சிரைக்க ஓடிவந்து—

(இல்லை. என் தொடர்கதைகளில் இதுவரை பதினொரு பேர் அப்படி ஓடிவந்திருக்கிறார்கள். செந்தூலில் ஒரு வாசகி எண்ணி வைத்துக் கடிதம் போட்டிருந்தார்.)

நான் இப்படித் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் சந்திரகலா பேனாவைத் திறந்துவிட்டார்.

6

"சரி, போடுறேன்," என்றார்.

தம்புசாமி நாற்காலியில் சாய்ந்தார்.

"ஆனா கூட்டுப் பழக்கப்படி போடுறேன்."

தெரியாதவர்களுக்கு: கூட்டு என்பது பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு ஐந்நூறு வெள்ளி போட்டு, மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வது. அவசரக்காரர் தள்ளுபடி கொடுத்து முதலிலேயே எடுத்துக்கொள்ளலாம். (சட்டம் இதை அனுமதிக்காது. ஆகவே மேருவில் யாரும் கூட்டு நடத்துவதில்லை. விதிகள் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.)

"மொத கூட்டு எடுக்குறவங்கள யாரும் சும்மா நம்ப மாட்டாங்க," என்றார் சந்திரகலா. "எடுத்துட்டுக் காணாமப் போயிடுவாங்க. அதான் ஜாமீன் கேப்பாங்க. இங்க மூணு வருஷத்துக் கூட்டையும் மொதல்லயே எடுக்குறோம். எடுக்குறது யாரு? கழகம். கழகம்னா நீங்க நாலு பேரும் நானும். டி.வி.காரன் ஏமாத்துனா நஷ்டம் அஞ்சு பங்கு. அஞ்சு பேரும் ஒரு தாள்ல, ஆளுக்கு ஒரு கோட்டுல, ஜாமீனுக்குக் கைப்படப் பேர் எழுதணும். கடைசிக் கோடு என்னுது. நாலும் நெறைஞ்சா என் பத்திரம் மேசைக்கு வரும்."

எல்லோரும் பிரேமினியைப் பார்த்தார்கள். அவள் தோளைக் குலுக்கினாள். "எங்களுக்கு ஜாமீன் கூடுனா நல்லதுதானே அங்கிள்." ஒரு தாளில் ஐந்து கோடுகளைப் போட்டு நீட்டினாள்.

தாள் சுற்றத் தொடங்கியது. துணைத் தலைவர் விஜயனுக்கு மூக்குக் கண்ணாடியைக் காரில் விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது; அதைத் தேட மூக்கிலிருந்த கண்ணாடியோடு கீழே போனார். அடுத்தவருக்கு ஓர் அழைப்பு வந்தது. மணியடித்ததை வேறு யாரும் கேட்கவில்லை. மூன்றாமவர் காரணம்கூடச் சொல்லவில்லை. கதவு மூன்று முறை திறந்து மூடியது.

"என்ன கலா இது," என்றார் தம்புசாமி. "ஒரு குடும்பம் மாதிரி இருந்தோம்."

"அதான் சேந்து போடலாம்னு சொல்றேன்."

குகன் மேசைக்கு வந்து பேனாவை எடுத்தான். சந்திரகலா அவன் கையிலிருந்து அதை மெல்ல உருவினார். "நீ வாங்க வேண்டியவன் தம்பி. நீ எதுக்கு ஜாமீன்?"

தம்புசாமி அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை வாங்கி, முதல் கோட்டில் 'டத்தோ' என்று எழுதத் தொடங்கினார்.

"அடையாள அட்டையில இருக்குற பேரு, அங்கிள்," என்றாள் பிரேமினி.

அவர் அடித்துவிட்டு, தம்புசாமி என்று எழுதினார். முப்பது வருடத்தில் அவ்வளவு சின்னதாக அவர் தன் பெயரை எழுதியதில்லை. ஆனால் எழுதினார். சந்திரகலா அதை எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மணி நாலு ஐம்பத்திரண்டு. சந்திரகலாவின் கோட்டுக்கு மேலே மூன்று கோடுகள் காலி. படிக்கட்டில் யாரும் ஏறிவரும் சத்தம் இல்லை. குகன் கதவைப் பார்க்கிறான். பத்திரம் சந்திரகலாவின் மடியில், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது.

இப்போது அவர் தாளை என் பக்கம் திருப்புகிறார். நான் இவர்களைக் கண்டுபிடித்தவன்தான். ஆனால் ஜாமீன் என்று வரும்போது எனக்கும் கீழே ஒரு வேலை இருக்கிறது. ஆகவே தாளை உங்களிடம் நகர்த்துகிறேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். அணி பிழைக்க வேண்டும், டோபியும் தப்ப வேண்டும் என்றுதான் நீங்களும் நினைக்கிறீர்கள். நினைப்பதற்குக் காசு இல்லை. கோட்டில் எழுதினால் உண்டு. நீங்களும் உங்களுக்குத் தெரிந்த இரண்டு பேரும் எழுதினால் அவர் எழுதுவார். எழுதாவிட்டால், அவர் ஏன் எழுதவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள்.

பெயர்: ......................................

அடையாள அட்டை எண்: ......................................