மூட வேண்டிய குழி

மாலை நாலரை மணிக்கு ரேவதி பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே போனபோது, அப்பா தறியில் உட்கார்ந்திருந்தார்.

தறியில் பாவு நூல் இல்லை. வெறும் சட்டம். தறிக்குக் கீழே தோண்டிய குழிக்குள் தொங்கிய கால்கள் மட்டும் மிதிகட்டைகளை மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தன. கையில் குறுக்கு நூல் ஓட்டும், இரும்பு முனை வைத்த பழைய மர நாடா ஒன்று. நெய்த சேலையைச் சுற்றும் உருளைக்கட்டையை அவர் வயிற்றை ஒட்டி இழுத்து வைத்து, இரண்டு பக்கமும் நைலான் கயிற்றால் இறுக்கியிருந்தார்கள். எழ முடியாது.

தம்பி உதயகுமார் ஒளிக்கவில்லை. கட்டியது நான்தான் என்றான். மறதி நோய் வந்து நினைவு தப்பிய பிறகு அப்பா செய்ததையெல்லாம் அடுக்கினான். தெருவில் போன பூக்காரியைத் தள்ளி மிதித்தார். எதிர்வீட்டுக் கிழவரின் பல்லை உடைத்தார். மருமகள் துளசியின் கம்மலைக் காதோடு பிய்த்தார். துளசி கூந்தலை ஒதுக்கிக் காட்டினாள். கிழிந்த மடல் தையலில் ஒட்டிக்கொண்டிருந்தது. குழியில் இறக்கினால் மட்டும் அப்பா நமச்சிவாயம் அடங்குவாராம். ஆயுசெல்லாம் உட்கார்ந்த இடம். கால் தானாக மிதிக்கத் தொடங்கும், கை ஓங்காது.

ரேவதி ஜெர்மனியில் முதியோர் இல்லமொன்றில் நர்ஸ். அங்கே ஒரு கிழவர் கட்டிலின் பக்கக் கம்பியைத் தூக்கி வைக்கக்கூட நீதிபதியின் அனுமதி வேண்டும், இங்கே மனுஷனை மாட்டைப்போலக் கட்டியிருக்கிறீர்கள் என்றாள்.

"அப்போ அந்த ஜட்ஜையும் கூட்டிக்கினு வந்திருக்கலாமே அக்கா," என்றான் உதயகுமார். "இவரு கையால ரெண்டு வாங்கிக்கினு போயிருப்பாரு."

பேச்சு முற்றி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தது. மறுநாள் பகல் முழுக்க அப்பாவைக் குழிக்கு வெளியே வைத்து ரேவதி பார்த்துக்கொள்வாள். முடிந்தால் உதயகுமார் குழியை மண் கொட்டி மூடிவிட்டுக் கவனிக்க ஆள் போட வேண்டும். முடியாவிட்டால் அவள் வாயைத் திறக்காமல் விமானம் ஏற வேண்டும்.

காலையில் கயிற்றை அவிழ்த்தாள். அப்பா சாதுவாக வந்து இட்லி சாப்பிட்டார். தெருவைப் பார்த்தார். மதியம் தூங்கினார். மாமா வெளிநாட்டு நர்ஸுக்குப் பயந்துவிட்டார் என்று துளசி சிரித்தாள். ரேவதிக்கும் தைரியம் வந்தது.

அவர் முழங்காலுக்குக் கீழே பழைய புண்கள் சீழ் வைத்திருந்தன. கழுவி மருந்து போட, கால் தொங்கினால் வசதி. தறிப் பலகையில் அவரை உட்கார வைத்தாள். வெந்நீர்க் கிண்ணத்தோடு குழிக்குள் இறங்கினாள்.

ஜெர்மனி இல்லத்தில் சொல்லிக் கொடுத்தது அது. நோயாளியைவிடத் தாழ உட்கார வேண்டும், அண்ணாந்து முகம் பார்த்துப் பேச வேண்டும், அப்போது அவர் பயப்பட மாட்டார். தறிவீட்டில் சொல்லிக் கொடுப்பது வேறு. பலகையில் ஆள் இருக்கும்போது குழிக்குள் கை விடக் கூடாது. விழுந்த நூலை எடுக்கப்போய்ச் சின்ன வயதில் அவளும் உதை வாங்கியிருக்கிறாள். இறங்கும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

காலைத் தொட்டாள். குதிகால் அவள் மூக்கில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அடுத்த உதையில் பின்மண்டை குழியின் சுவரில் மோதியது. எழுவதற்குள், பலகையில் கிடந்து அவர் கைக்கு வந்த நாடாவின் இரும்பு முனை உச்சியைக் கிழித்தது. கண்ணை ரத்தம் மறைத்தது.

துளசி ஓடிவந்து அவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள். அவர் திரும்பி அவள் முடியைக் கொத்தாகப் பற்றி, நெற்றியைத் தறிக்காலில் மோதினார். மறுபடி மோதினார். கீழே தள்ளி, நெஞ்சில் முட்டி போட்டுக் கழுத்தைப் பிடித்தார். நூலை நெருக்கும் அடிப்பலகையை நாளெல்லாம் இழுத்த கை.

ரேவதி குழியிலிருந்து ஏறினாள். பதறாத குரலில், நான்தான் ரேவதி, விடுங்கப்பா என்று, பழகியபடியே இரண்டு முறை சொன்னாள். துளசியின் கால்கள் தரையை உதைத்து, பிறகு உதைப்பதை நிறுத்தின.

குழிக்குள் குனிந்து மிதிகட்டை ஒன்றைப் பிடுங்கி அவர் முன்கையில் அடித்தாள். பச்சை மூங்கில் ஒடிவதுபோலக் கேட்டது. பிடி விட்டது. அவர் சுவரோடு சரிந்தார்.

அவர் தோளில் அடித்தாள். மறுபடி தோளில். பிறகு விலாவில்.

"போதும் அண்ணி," என்றாள் துளசி. குரல் காற்றாக வந்தது. "விட்டுட்டாரு. எப்பவோ விட்டுட்டாரு."

சத்தம் கேட்டு வந்த உதயகுமார் மூவரையும் பார்த்தான். சொல்லிக்காட்டுவான் என்று ரேவதி காத்திருந்தாள். அவன் ஆட்டோ பிடிக்கப் போனான்.

அவள் செய்தித்தாளை மடித்து, அப்பாவின் ஒடிந்த கைக்கு அணை கொடுத்து, துண்டைக் கிழித்துக் கட்டினாள். கட்டு நேர்த்தியாக இருந்தது. முடித்த பிறகும் அவருடைய மற்றக் கையை மணிக்கட்டில் இறுக்கிப் பிடித்தே உட்கார்ந்திருந்தாள்.

நமச்சிவாயம் வலியில் முனகவில்லை. அவளுடைய வீங்கிய முகத்தை உற்றுப் பார்த்தார். கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார். குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா, கட்டையால என்னை அடிச்சிக்கினே இருந்தாளே ஒருத்தி, அவ போய்ட்டாளா?"