புறாவின் இடது இறக்கை

மாலை நாலு பத்துக்கு நாங்கள் அறுபத்திரண்டு பேரும் புறாவாகி நின்றுவிட்டோம். ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு எடுத்த மைதானத்தில் காலையிலேயே வந்து சுண்ணாம்புத் தூளால் வட்டம் போட்டது நான்தான். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு எண். ஒன்று அலகு, ஐந்து கண், பதினொன்றிலிருந்து முப்பது வரை இடது இறக்கை. உலக அமைதி நாளன்று பாலக்கரை மாலைநேர டேலி கணக்கு வகுப்பு வெள்ளை உடையில் புறாவாக நிற்க, மேலேயிருந்து ட்ரோன் படம் எடுக்கும் என்பது ஏற்பாடு. வட்டங்களின் இடைவெளியை மூன்று முறை அளந்தேன். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை.

எனக்கு அடுத்து, பதினேழாம் வட்டத்தில் சகாயராணி அக்கா. சத்திரம் பஸ் நிலையம் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவு. காலை எட்டரையிலிருந்து நின்றுவிட்டு, பர்மிஷன் போட்டு வந்திருந்தார். கடைப் பெண்கள் உட்கார வசதி செய்ய வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு அவர்கள் கடையிலும் ஸ்டூல் வாங்கினார்கள். "ஸ்டூல் இருக்கு அனு. அதுல புடவைப் பெட்டி உக்காந்திருக்கு. அதுக்குக் கால் வலிக்குமில்ல?" என்றார் ஒருநாள். வகுப்பில் முதல் பத்து நிமிடம் அக்கா எதுவும் எழுதமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, பாதங்களைக் குளிர்ந்த தரையில் வைத்தபடி இருப்பார். டேலி சான்றிதழ் வாங்கினால் கணக்கு அறைக்கு மாற்றுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். "அங்க எல்லாருக்கும் நாற்காலி. சுத்துற நாற்காலி."

அடுத்த மாதம் பரீட்சை. அதற்கு வருகைப்பதிவு வேண்டும். இன்று வட்டத்தில் நிற்காதவர்களுக்கு ஆப்சென்ட் என்றும், அதற்குப் பத்து நாள் வருகை கழிக்கப்படும் என்றும் வகுப்பை நடத்தும் ஜெய்சங்கர் சார் அறிவித்திருந்தார். கடையில் ஓவர்டைம் போட்டு வகுப்பைத் தவறவிட்டதில் அக்காவுக்குக் கழிக்க ஒரு நாள்கூட மிச்சமில்லை. எனக்கு அது தெரியும். வருகைப் பட்டியல் என் கையில்தான் இருந்தது.

நாலரைக்கு வர வேண்டிய சிறப்பு விருந்தினர் ஐந்து இருபதாகியும் வரவில்லை. சமயபுரத்தில் வேறொரு விழாவாம். மேடையில் துணி போர்த்திய பன்னிரண்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

"சார், அவர் வர்ற வரைக்கும் உக்காரலாமா?" என்று கேட்டேன்.

"வெள்ளை டிரெஸ்ஸும்மா, அழுக்காயிடும். புறா கலைஞ்சிரும். அமைதிக்காக ஒரு மணி நேரம் நிக்க முடியாதா?" என்றார் சார், பந்தல் நிழலில் உட்கார்ந்தபடி.

பதினெட்டாம் வட்டத்தில் டயர் கடை பரக்கத் அலி அண்ணன். "நெசப் புறாவா இருந்தா இந்நேரம் பறந்திருக்கும் சார். நமக்குத்தான் வட்டம் போட்டிருக்காங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

ஐந்து நாற்பதுக்கு அக்கா செருப்பைக் கழற்றி வட்டத்தின் ஓரத்தில் ஜோடியாக வைத்தார். பிறகு உட்கார்ந்தார். மயங்கி விழவில்லை, அழவில்லை. துப்பட்டாவை மடியில் விரித்துக்கொண்டு கால்களை நீட்டினார், அவ்வளவுதான்.

"பதினேழு, எந்திரிங்க" என்றது மைக்.

"கார் வரட்டும் சார், எந்திரிக்கிறேன்."

"அனுபமா, பதினேழுக்கு ஆப்சென்ட் போடும்மா."

அக்கா என்னைப் பார்த்தார். "போடு அனு. உனக்கும் பரீட்சை இருக்கில்ல" என்றார். போட்டேன். பேனாவால், அழுத்தி. கை நடுங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை.

ஐந்து ஐம்பத்தைந்துக்குக் கார் வந்தது. வெளிச்சம் போகிறது என்று ட்ரோன்காரர் அவசரமாக அதை மேலே ஏற்றினார். "அக்கா, எந்திரிங்க" என்றேன்.

"ஆப்சென்ட் போட்டாச்சே. இல்லாதவ எதுக்கு எந்திரிக்கணும்?"

விருந்தினர் ஏழு நிமிடம் பொறுமையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்.

சத்திரம் பஸ்ஸில் எனக்கும் அக்காவுக்கும் உட்கார இடம் கிடைக்கவில்லை. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது வகுப்பு குரூப்பில் சார் படத்தைப் போட்டார். "ஒருவர்கூட அசையாமல் நின்ற நம் குடும்பம்" என்று கீழே எழுதியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். யார் நிற்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார் என்றே தெரியவில்லை. தலைகளும் வெள்ளையும்தான் தெரிந்தன. ஒன்றே முக்கால் மணி நேரமும் நாங்கள் எல்லோருமே உட்கார்ந்திருக்கலாம். மேலேயிருந்து பார்ப்பவருக்கு அதில் ஒரு வித்தியாசமும் இல்லை. இடது இறக்கையில் ஒரு வெள்ளை மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தது. பக்கத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகள், செருப்பு. அந்த வெள்ளையை எடுத்துவிட்டால் இறக்கையில் ஓட்டை.

அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டேன். சாருக்குத் தனியாக அனுப்பலாமா என்று யோசித்துவிட்டு, குரூப்பிலேயே போட்டேன். "சார், பதினேழாம் எண் இங்கே இருக்கிறார். நான் போட்ட ஆப்சென்ட் தவறு."

பரக்கத் அலி அண்ணன் ஒரு புறாப் பொம்மையை அனுப்பினார். சாருடைய பெயருக்குப் பக்கத்தில் அவர் ஏதோ டைப் செய்வதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

அக்கா தன் போனை எடுத்துப் பார்க்கவே இல்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தூக்கி இடது பாதத்தின் மேல் வைத்திருந்தார். பாலத்தின் நடுவில் வந்ததும் காலை மாற்றிக்கொண்டார்.