அலுமினியக் கைகள்

ஞாயிற்றுக்கிழமை கோவர்த்தனனுக்குச் சென்னையிலிருந்து ஷார்ஜாவுக்கு விமானம். அதற்குள் சந்திரகிரியில் கேட்டிருந்த வேலை கிடைத்துவிட்டால் போக வேண்டியதில்லை. போனால் மனைவி சிவசங்கரி நகரி ஊரில் தன்னைப் பெற்ற நைனா வீட்டு விசைத்தறிக்கே திரும்பிவிடுவாள், பிறகு வரமாட்டாள். இதை அவள் அழுது சொல்லவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தபோது ஒரே ஒரு முறை சொன்னாள். அந்த அமைதியாலேயே அவள் சொன்னதைச் செய்வாள் என்று கோவர்த்தனனுக்குத் தெரிந்தது. மணமான நாள் முதல் அவன் விடுப்பில் வந்து போகிற கணவனாகவே இருந்திருக்கிறான்.

வேலை சற்று விசித்திரமானது. சென்னை வியாபாரி வரதராஜன் சந்திரகிரிக்கு அருகே தமது விடுதியை ஒட்டி, மேடும் பள்ளமுமாக ஒரு மண் தடம் அமைத்து, ரிமோட்டில் ஓடும் பன்னிரண்டு சிறு லாரிகளை வெளிநாட்டிலிருந்து தருவித்திருந்தார். திருமலையில் தரிசனம் முடித்துத் திரும்பும் குடும்பங்கள் அவற்றை வாடகைக்கு ஓட்டலாம். தசரா விடுமுறை தொடங்கும் சனிக்கிழமை திறப்பு. லாரிகளைப் பேண ஒரு மெக்கானிக் வேண்டும். சித்தூரில் கிரானைட் லாரிகளுக்கு வில் பட்டை மாற்றியும், ஷார்ஜாவில் கிரேன்களைப் பழுது பார்த்தும் கை தேர்ந்தவனான கோவர்த்தனனிடம் அவர் அந்தச் சிறு லாரிகளில் ஒன்றைக் கொடுத்து, இதில் எது நல்லது, எது குறை என்று பார்த்து வரச் சொல்லியிருந்தார்.

அது கடைத்தெருப் பொம்மை அன்று. பொம்மை கெட்டால் குப்பைக்குப் போகும். இதிலோ ஒவ்வோர் உறுப்பும் திருகாணி கழற்றித் தனியே எடுக்கத்தக்கது, தனியே வாங்கத்தக்கது. சக்கரத்துக்கு ஒன்றாக எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர்கள். வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் தத்தம் வேகத்தில் சுழல முன்னும் பின்னும் பல்லிணைப்புகள். நீர் புகாமல் அடைத்த பெட்டிக்குள் மூளை. மூன்று கிலோ எடையை மோட்டார் பைக் வேகத்துக்கு நொடியில் உந்தும் மோட்டார். செய்தவன் கைக்குக் கண்ணும் இருந்திருக்க வேண்டும் என்று கோவர்த்தனன் வியந்தான். குறைகளும் இல்லாமல் இல்லை. உயரம் மிகுதி, வளைவில் விரைந்தால் குப்புற விழும், விழுந்தால் தானே எழாது, ஓர் ஆள் நடந்து போய் நிமிர்த்த வேண்டும். பேட்டரி சூடேறினால் உப்பும். எல்லாவற்றினும் மேலாக, சக்கரங்களை உடலோடு பிணைக்கும் கைகள் வெறும் பிளாஸ்டிக். அவற்றின் நடுவே இடை போல மெலிந்த ஓரிடம் வேறு. வீட்டுப் பின்புறச் சுவரில் முட்டிய முதல் முட்டலிலேயே அந்த மெலிந்த இடத்தில் ஒரு கை முறிந்தது.

அதைக் கண்டதும், கம்பெனிக்காரன் மிச்சம் பிடித்த இடம் இதுதான் என்று அவன் முடிவு கட்டினான்.

அவன் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. இந்தப் பக்கத்துக் கிரானைட் கல் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கிய நாள் முதல் சித்தூர்ப் பட்டறைகளில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. புது லாரி வந்தால் குவாரிக்குப் போகுமுன் பட்டறைக்கு வரும். கம்பெனி வைத்த வில் பட்டைகளோடு மேலும் இரண்டு பட்டை சேர்ப்பார்கள். முன்புறம் கனத்த இரும்புக் காப்பு ஏற்றுவார்கள். வளைகிற எதையும் வளையாததாக்கித் தருபவனே அங்கே மெக்கானிக். கோவர்த்தனன் அந்த வித்தையில் பேர் எடுத்தவன். ஆகவே லேத் பட்டறை ரங்கையாவிடம் போய், முறிந்த கையை அச்சாக வைத்து, இடை மெலியாமல், அலுமினியத்தில் நான்கு கைகள் வெட்டச் சொன்னான். பஞ்சு வைத்த முன் பம்பரை எறிந்துவிட்டு அலுமினியத் தகட்டில் ஒரு காப்பும் செய்துகொண்டான். பூட்டி முடித்தபோது லாரி ஒரு சிறு கோட்டை போல இருந்தது. சிவசங்கரி அதைக் கையில் தூக்கிப் பார்த்து, நன்றாகக் கனக்கிறது என்றாள். நெடுநாளைக்குப் பின் அன்று அவள் சிரித்தாள்.

வியாழக்கிழமை சோதனை ஓட்டம். புரட்டாசி மாதமாதலால் மலைக்கு நடந்து போகும் கூட்டத்தின் கோவிந்த நாமம் சாலையிலிருந்து விட்டுவிட்டுக் கேட்டது. தடத்தில் லாரிகளை நிமிர்த்தும் ஆளாக ரமணா என்பவன் நின்றான். சந்திரகிரிக்காரன், தெலுங்கும் தமிழுமாகப் பேசி எல்லாரையும் சிரிக்க வைப்பவன். முதலில் வரதராஜன், மாற்றம் ஏதும் செய்யாத ஒரு லாரியை எடுத்து ஓட்டினார். அது தடம் பிசகி ரமணாவின் முழங்காலுக்குக் கீழே வேகமாக மோதியது. லாரியின் முன் கை முறிந்து சக்கரம் தனியே உருண்டது. ரமணா காலைத் தேய்த்துக்கொண்டு அந்தச் சக்கரத்தை எடுத்து நீட்டினான்.

"சார், இது பால் குடிச்சி வளந்த லாரி. நான் பழைய கஞ்சி குடிச்சி வளந்தவன். எவரு கெலிச்சாரு பாருங்க."

எல்லாரும் நகைத்தார்கள். வரதராஜன் மட்டும் முகம் சுளித்தார். வாடகைக்கு எடுப்பவன் கண்ணெதிரே வண்டி இப்படி முறிந்தால் கடையின் மானம் என்னாவது என்றார்.

அடுத்து கோவர்த்தனனின் முறை. அவனுடைய லாரி மேட்டிலிருந்து தாவி விழுந்தது, கல்லில் முட்டியது, முள்வேலிக் கம்பத்தில் இடித்தது. ஒரு கீறலுடன் மீண்டும் ஓடியது. வரதராஜன் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைக் கண்டு கோவர்த்தனன் வேகம் கூட்டினான். மேட்டுக்கு அப்பால் வரதராஜனின் இன்னொரு லாரி குப்புறக் கிடந்ததும், அதை நிமிர்த்த ரமணா குனிந்திருந்ததும் அவனுக்குத் தெரியவில்லை. வண்டி மேட்டைத் தாண்டி அந்தரத்தில் இருந்தபோதுதான் கண்டான். அந்தரத்தில் பிரேக் பிடித்து என்ன பயன்? முன்னைய மோதலில் எழுந்தது பிளாஸ்டிக் உடையும் சத்தம். இப்போது எழுந்தது வேறு சத்தம்.

ரமணா உட்கார்ந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். கணுக்காலுக்கு மேலே அது திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

திருப்பதி அரசு ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும்போதே வரதராஜன் யாவற்றையும் ஒழுங்கு செய்தார். கல் தடுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட வேண்டும். செலவு முழுதும் தம்முடையது. ரமணா பல்லைக் கடித்தபடி தலையசைத்தான். தவறு தன்னுடையதுதான், பார்க்காமல் குறுக்கே போனேன் என்று அவனே கோவர்த்தனனைத் தேற்றினான். வார்டு வாசலில் வரதராஜன் கோவர்த்தனனின் தோளைத் தொட்டு, நாளையே வேலையில் சேரலாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "கால் போச்சு, வண்டிக்கு ஒண்ணும் ஆகல. பன்னெண்டுக்கும் இதையே மாட்டிடுங்க."

சித்தூருக்குத் திரும்பும் பேருந்தில் கோவர்த்தனனுக்கு இரண்டு சத்தங்களும் மாறி மாறிக் கேட்டன. ஒரே மனிதன், ஒரே கால், ஏறக்குறைய ஒரே வேகம். முதல் முறை முறிந்தது லாரியின் கை. அதனால் காலுக்கு நோவோடு போயிற்று. இரண்டாம் முறை கை முறியவில்லை. முறிய வேண்டியது வேறெங்கோ முறிந்தது. அந்த மெலிந்த இடை மிச்சம் பிடித்த இடமன்று, மோதலின் வேகம் வந்து அடங்குவதற்கென்றே அளந்து விட்ட இடம் என்பது பேருந்து பாகாலா ஊரைத் தாண்டும்போது அவனுக்குப் புலப்பட்டது. பன்னிரண்டு லாரிகள், ரிமோட்டைப் பிடிக்கப் போவதும் தடத்தோரம் நிற்கப் போவதும் பிள்ளைகள்.

வீட்டில் சிவசங்கரி வேலை கிடைத்த சேதியை முன்பே அறிந்திருந்தாள். வரதராஜன் போன் செய்திருந்தார். அவள் விளக்கேற்றியிருந்தாள், பாயசமும் வைத்திருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

"அந்த ஆளுகிட்ட சொல்லிட்டியா மாமா?" என்றாள்.

அவள் எதிரிலேயே வரதராஜனைப் போனில் அழைத்தான். பிளாஸ்டிக் கைகளே சரி, பஞ்சு பம்பரே சரி, உடைந்தால் மாற்றிக்கொள்வதே அதன் நன்மை என்றான். வரதராஜன் பொறுமையாகக் கேட்டார். உடைந்ததைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து மாட்ட யாராலும் ஆகும், அதற்கு மெக்கானிக் எதற்கு என்று கேட்டார். ரங்கையாவிடம் அச்சு இருக்கிறது, தாம் நேரே சொல்லிவிட்டதாகவும் வெள்ளிக்கிழமை மாலை கைகள் வந்துவிடும் என்றும் தெரிவித்தார். பூட்டிக்கொடுத்தால் வேலை, இல்லாவிட்டால் ஷார்ஜா நல்ல ஊர்தான் என்று வாழ்த்தினார்.

அவன் போனை வைத்தான். ஷார்ஜாவுக்குப் போய்விட்டாலும் கைகள் பூட்டப்படும். இருந்தாலும் பூட்டப்படும், தன் கையாலேயே. நிறுத்த ஒரு வழிதான் இருந்தது. அதை இருவருமே அறிந்திருந்தனர்.

"ஆஸ்பத்திரி போலீஸ்கிட்ட சொன்னா என்னிய உள்ள வச்சாலும் வப்பாங்க, சங்கரி."

"வப்பாங்க."

"நீ இன்னா சொல்ற?"

"நான் இருன்னு தான் கேட்டேன். எப்டி இருக்கணும்னு கேக்கலியே." பாயசத்தை மூடிவைத்துவிட்டு, "நானும் வரேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக் காவல் அறையில் இருந்த ஏட்டு முதலில் நம்பவில்லை. அடிபட்டவனே விழுந்தேன் என்று சொல்லியிருக்க, நீ எதற்கு வந்து வம்பை வாங்குகிறாய் என்று தெலுங்கில் கடிந்தார். கோவர்த்தனன் அலுமினியக் கையையும் பிளாஸ்டிக் கையையும் மேசைமேல் வைத்து இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைச் சொன்னான். நாளைக்குப் பிள்ளைகள் வருவார்கள் என்றான். அதற்குமேல் ஏட்டு கடியவில்லை. இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார். தடத்தைத் திறக்கக் கூடாதென்று ஆள் அனுப்புவதாகப் பதில் வந்தது. இவன் மேல் வழக்கு வரும், விசாரணை முடியும் வரை மாவட்டத்தை விட்டு நகரக் கூடாது, ஓட்டியவனும் இவனே, பூட்டியவனும் இவனே என்று ஏட்டு தாழ்ந்த குரலில் விளக்கினார். விமானச் சீட்டு இருப்பதை அறிந்ததும் பாஸ்போர்ட்டைக் கேட்டார்.

அது சிவசங்கரியின் பையில் இருந்தது. எடுத்து வரும்படி அவன் சொல்லவில்லை. அவள் அதை எடுத்து, முந்தானையால் ஒரு முறை துடைத்து, மேசையின்மேல் ஏட்டின் பக்கமாகத் தள்ளினாள். கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை.

வார்டில் ரமணாவின் காதுக்குச் சேதி அதற்குள் எட்டியிருந்தது. கட்டுப் போட்ட காலோடு அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தான்.

"செலவுக்குத் தரேன்னாரு அண்ணா," என்றான், திரும்பாமல். "இப்ப எவரு தருவாரு?"

கோவர்த்தனன் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்தபடி நின்றான். தரையில் ரமணாவின் மனைவி கங்கம்மாள், முழங்காலில் முகம் பதித்து உட்கார்ந்திருந்தாள். சிவசங்கரி அவளருகே போய்த் தானும் தரையில் அமர்ந்தாள்.

"காலைல எதுனா துன்னியா?" என்று கேட்டாள்.

கங்கம்மாள் முழங்காலிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. சிவசங்கரி எழுந்திருக்கவும் இல்லை.